ஒத்திகை இல்லாத நாடகம் எப்படி ஒத்துப்போகிறது?

கொட்டாம்பட்டி, மேலூர், சிங்கம்புணரி, நத்தம் பக்கம் திருவிழாச் சமயத்தில் சுவரில் ஒட்டியிருக்கும் நாடக நோட்டீஸை நின்று படித்திருக்கிறீர்களா? மேலே சாமி பெயர், ஊர், தேதி. நடுவில் பெரிய எழுத்தில் ‘வள்ளி திருமணம்’. அதுக்குக் கீழே வரிசையாகப் போட்டோக்கள்: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ், அப்புறம் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட். ஒவ்வொரு பெயரோடும் ஒரு ஊர். ஒருத்தர் மதுரை, ஒருத்தர் புதுக்கோட்டை, ஒருத்தர் காரைக்குடி, இன்னொருத்தர் திண்டுக்கல்.

நோட்டீஸில் ஒரு பெயர் மட்டும் இருக்காது. இயக்குநர். அப்படி ஒருத்தரே கிடையாது. ஒத்திகையும் கிடையாது. எட்டு ஊர்களிலிருந்து எட்டுப் பேர் பஸ் பிடித்து வந்து, சாயங்காலம் ஊர்க்காரர்கள் போடும் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, இரவு பத்து மணி வாக்கில் மேடை ஏறுவார்கள். சில பேர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சேர்ந்து நடிக்கிறவர்களாக இருப்பார்கள். விடியும்வரை நாடகம் நடக்கும். பாட்டு, தர்க்கம், சிரிப்பு எல்லாம் அது அது இடத்தில் விழும்.

எனக்கு இது ஒரு தொழில்முறைக் கேள்வி. சாஃப்ட்வேர் வேலையில் பல கம்ப்யூட்டர்களை ஒரே காரியத்தில் ஒத்துப்போக வைப்பது எவ்வளவு சிரமம் என்று தினமும் பார்க்கிறேன். சில வருஷம் முன்னால், நண்பர்களுடைய நவீன நாடகக் குழுவுக்காக, ஒலி ஓட்டும் இரண்டு லேப்டாப்களை நெட்வொர்க்கில் இணைத்து ஒன்றாக நடக்க வைக்கும் ஒரு சின்ன நிரல் எழுதினேன். அதை எழுதும்போது படித்தவை, பிறகு நம்ம பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றிப் படித்தவை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற குறிப்பு இது.

முதலில், கியூ என்றால் என்ன?

நாடகத்தில் ஒரு குறிப்பிட்ட வசனமோ அசைவோ முடிந்ததும், ‘இப்போ இடி இடிக்கணும்’, ‘இப்போ விளக்கு அணையணும்’ என்று ஒரு காரியம் நடக்க வேண்டும். அந்தச் சைகைதான் கியூ. மேல்நாட்டு நாடகக் கொட்டகைகளில் மேடை மேலாளர் என்று ஒருவர் ஓரத்தில் கையெழுத்துப் பிரதியோடு உட்கார்ந்திருப்பார். ‘தயாராக இரு’ என்பார், பிறகு ‘போ’ என்பார். விளக்குக்காரர், ஒலிக்காரர், திரை இழுப்பவர் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரே மூளை, பல கைகள்.

தமிழ் நாடகக் கம்பெனிகளும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தன. 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். முழுக்கச் சிறுவர்களை வைத்து நடத்திய கம்பெனி. டி.கே.எஸ். சகோதரர்கள் அதில்தான் பாடம் கற்றார்கள். அங்கே வாத்தியார் உண்டு, பாடம் உண்டு, கடுமையான ஒத்திகை உண்டு. எல்லாரும் ஒரே வீட்டில் தங்கி, ஒரே சாப்பாடு சாப்பிட்டு, தினமும் சேர்ந்து பயிற்சி செய்தால் ஒத்துப்போவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஸ்பெஷல் நாடகம் இதுக்கு நேர் எதிர். ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியாக, அந்த ஓர் இரவுக்காக மட்டும் ‘ஸ்பெஷலாக’ அமர்த்துவதால் அந்தப் பெயர். கம்பெனி முதலாளி இல்லை, சம்பளம் இல்லை. ஏஜென்ட் வழியாகத் தேதி கொடுப்பதும் அட்வான்ஸ் வாங்குவதும்தான். இந்த உலகத்தை விரிவாக எழுதியவர் சூசன் சைசர் என்ற அமெரிக்க மானுடவியல் ஆய்வாளர். மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களோடு பழகி, 2005-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். நாடக நோட்டீஸ், மேடையில் யார் எங்கே நிற்பது, எந்தப் பக்கமாக வருவது என்பதையெல்லாம் தீவிரமான ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்ட புத்தகம் அது.

எல்லார் கையிலும் ஒரே பிரதி

ஒத்திகை இல்லாமல் எப்படி முடிகிறது? முதல் பதில், எல்லாருக்கும் ஒரே நாடகம் முழுசாகத் தெரியும்.

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் கொடுத்த நாடகங்கள்தான் இந்த மேடையின் அடித்தளம். அவர் 1922 நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் காலமானார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பிரதி மாறவில்லை. எந்தக் காட்சிக்கு அப்புறம் எந்தக் காட்சி, எந்த வசனம் முடிந்தால் எந்தப் பாட்டு என்பது மதுரைக்காரருக்கும் புதுக்கோட்டைக்காரருக்கும் ஒன்றுதான்.

இதை நம்ம பாஷையில் சொன்னால், ஒவ்வொரு கணினியிலும் நிரலின் முழுப் பிரதி ஏற்கெனவே இருக்கிறது. அதனால் நாடகம் நடக்கும்போது ஒருத்தருக்கொருத்தர் அனுப்ப வேண்டிய செய்தி மிக மிகச் சின்னது. ‘இந்தப் பாட்டு, இந்த ராகம், இந்தத் தாளம்’ என்று விளக்க வேண்டாம். ‘அடுத்தது’ என்ற ஒரு தலையசைப்பு போதும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. நாரதர் வேஷக்காரருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொரு நாரதரை அன்றைக்கே கூப்பிடலாம். கம்பெனி நாடகத்தில் முக்கிய நடிகர் படுத்தால் நாடகமே படுத்துவிடும்.

1920களின் நடுவில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இலங்கையில் முதன்முதலாக ஜோடி சேர்ந்து மேடையேறினார்கள். இரண்டு பேரும் அதுக்கு முன்னாலேயே தனித்தனியாகப் புகழ் பெற்றவர்கள். பொதுவான பாடம் என்ற ஒன்று இருந்ததால்தான் இப்படி இரண்டு நட்சத்திரங்களை ஒரே மேடையில் கொண்டுவந்து கோர்க்க முடிந்தது.

ஆர்மோனியக்காரர் என்ன செய்கிறார்?

பிரதி மட்டும் இருந்தால் போதாது. ‘எப்போது’ என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்கிறவர் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர். பின்பாட்டு என்றே அவரைச் சொல்வார்கள்.

பார்சி நாடகக் கம்பெனிகள் வழியாகத் தமிழ் மேடைக்கு வந்து ஒட்டிக்கொண்ட கருவி ஆர்மோனியம். 1940-ல் அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது. நம் இசையின் கமகத்துக்கு ஒத்துவராத வெளிநாட்டுக் கருவி என்று சொன்னார்கள். தடை தளரத் தொடங்கியது 1971-ல்தான். அந்த முப்பது வருஷமும் நாடக மேடையில் அது இல்லாமல் ஒரு நாளும் ஓடவில்லை. காரணம் எளிது. மேடைக்கு அது இசைக்கருவி மட்டுமில்லை, கட்டுப்பாட்டு அறையும் அதுதான்.

நடிகர் வசனத்தின் கடைசிக்கு வருகிறார் என்று தெரிந்ததும் கை பெல்லோஸுக்குப் போகும். சுருதி வரும். ராஜபார்ட்டுக்கு ஒரு கட்டை, ஸ்திரீபார்ட்டுக்கு வேறு கட்டை. ஆளுக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டும். நடிகர் பாடினால் கூடவே போகணும், மூச்சு வாங்கினால் இடத்தை நிரப்பணும், வரியை மறந்தால் எடுத்துக் கொடுக்கணும். பபூன் வந்தால் அவரோடு பேச்சுக்குப் பேச்சு கொடுக்கணும். மிருதங்கக்காரர் தீர்மானம் வைத்துப் பாட்டை முடிப்பார். ஆல்ரவுண்ட் வாசிப்பவர் பபூனின் ஒவ்வொரு நகைச்சுவைக்கும் அடி கொடுப்பார். சண்டை, நடை, விழுதல் எல்லாவற்றுக்கும் சத்தம் கொடுப்பார். இன்றைய மொழியில் அவர்தான் ஒலிக் கியூ கம்ப்யூட்டர்.

கவனிக்க வேண்டியது, இவர்கள் யாருமே கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் இன்றைக்குக் கால் மணி நேரம் ஓடலாம், நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடலாம். கூட்டம் ரசித்தால் நீளும், தூங்கினால் சுருங்கும். அந்த நேரத்தில் எல்லாரும் அவரவர் போக்கில் இருப்பார்கள். பாட்டுக்கான சுருதி எழும்பியதும் மறுபடி எல்லாரும் ஒரே புள்ளிக்கு வந்துவிடுவார்கள்.

1978-ல் லெஸ்லி லாம்போர்ட் எழுதிய ஒரு கட்டுரை கணினித் துறையில் மிகப் பிரபலம். பல கணினிகள் சேர்ந்து வேலை செய்யும்போது, மணி எத்தனை என்று எல்லாரும் ஒப்புக்கொள்வது அவசியமில்லை, எது எதுக்கு முன்னால் நடந்தது என்ற வரிசையில் ஒப்புக்கொண்டாலே பல காரியங்களுக்குப் போதும் என்பது அதன் சாரம். எங்கள் வகுப்பில் இது புரிய ஒரு வாரம் ஆனது. வள்ளி திருமணத்தை உதாரணம் காட்டியிருந்தால் அரை மணி நேரத்தில் புரிந்திருக்கும்.

இன்னொரு வழி: நாடா சொல்கிறபடி கேள்

இதுக்கு எதிர்த் திசையிலும் ஒரு வழி இருக்கிறது. அதுக்கும் உதாரணம் தேடி மதுரையை விட்டுப் போக வேண்டாம்.

திருமலை நாயக்கர் மகாலில் 1981-லிருந்து ஒலி-ஒளிக் காட்சி நடக்கிறது. சிலப்பதிகாரக் கதை வரும், நாயக்கர் வரலாறு வரும். மேடையில் ஒரு நடிகர்கூடக் கிடையாது. குரல், இசை, தூண்கள் மேல் விழும் வண்ண விளக்கு, அவ்வளவுதான். உலகத்தில் இந்த வகைக் காட்சி முதலில் நடந்தது 1952-ல், பிரான்சின் ஷாம்போர் கோட்டையில். அமைத்தவர் பால் ரொபேர்-ஊதேன். டெல்லி செங்கோட்டைக்கு 1965-ல் வந்தது.

இந்த மாதிரிக் காட்சிகளின் பழைய உத்தி இது: பல தடங்கள் உள்ள ஒலிநாடா ஓடும். சில தடங்களில் குரலும் இசையும். ஒரு தடத்தில் மட்டும் காதுக்கு எட்டாத கட்டளைக் குறிகள் இருக்கும். அதைக் கேட்டு விளக்குகள் எரியும், அணையும். அதாவது நாடாதான் கடிகாரம். அதுக்கு எல்லாரும் அடிமை.

சினிமாவிலும் இதே கதைதான். 1993-ல் ‘ஜுராசிக் பார்க்’ படத்தோடு வந்த டிடிஎஸ் முறையில் ஒலி படச்சுருளில் இல்லை, தனி சிடியில் இருந்தது. சுருளின் ஓரத்தில் நேரக்குறி மட்டும் அச்சாகியிருக்கும். புரொஜெக்டர் அந்தக் குறியைப் படித்து, சிடி ஓட்டும் கருவிக்கு ‘நான் இப்போ இங்கே இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சுருள் அறுந்து ஒட்டிப் பத்து ஃபிரேம் போயிருந்தாலும், ஒலியும் அந்தப் பத்து ஃபிரேமைத் தாண்டிக் குதித்துச் சேர்ந்துகொள்ளும். குறியே படிக்க முடியாமல் போனால் சுருளில் இருக்கும் பழைய ஒலித்தடத்துக்கு மாறிவிடும். அருமையான வடிவமைப்பு. ஆனால் இதெல்லாம் முன்பே முடிந்துபோன ஒன்றை மறுபடி ஓட்டுவதற்குத்தான் சரி. உயிருள்ள நடிகர் மேடையில் நிற்கும்போது நாடா அவருக்காக நிற்காது. அவர்தான் நாடாவுக்காக ஓடணும்.

கம்ப்யூட்டர் மேடைக்கு வந்தபோது

மேல்நாட்டு நாடகங்களில் விளக்கும் ஒலியும் கம்ப்யூட்டருக்குப் போனதும் இந்தப் பிரச்சினையைச் சந்தித்தார்கள். கனடாவைச் சேர்ந்த சார்லி ரிச்மண்ட் என்ற நாடக ஒலிக் கருவி வடிவமைப்பாளர் முன்னின்று, பல கருவித் தயாரிப்பாளர்களைக் கூட்டிப் பேசி, 1991-ல் ‘மிடி ஷோ கன்ட்ரோல்’ என்ற பொது விதிமுறை அங்கீகாரம் பெற்றது. அதில் போகும் செய்தி எவ்வளவு சின்னது பாருங்கள்: எந்தக் கருவிக்கு, என்ன கட்டளை, எத்தனையாவது கியூ. சுமார் பத்துப் பன்னிரண்டு பைட்டுகள். மிடி கம்பியின் வேகம் விநாடிக்கு 31,250 பிட்டுகள்தான். ஒரு பைட்டுக்கு 10 பிட்டு என்று கணக்குப் போட்டால் மொத்தச் செய்தியும் 4 மில்லி விநாடிக்குள் போய்விடும்.

ஒலியே செய்தியில் போகாது. இடிச் சத்தம் அந்தந்தக் கருவியில் முன்பே இருக்கும். ‘கியூ 42, போ’ என்பது மட்டும் போகும். ஆர்மோனியக்காரரின் தலையசைப்பு மாதிரி.

ஏன் இப்படிச் செய்ய வேண்டும், இரண்டு லேப்டாப்பிலும் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்கினால் போதாதா? போதாது. கம்ப்யூட்டரின் கடிகாரம் ஒரு படிகத்தின் அதிர்வில் ஓடுகிறது. சாதாரணப் படிகம் பத்து லட்சத்துக்கு 50 பங்கு வரை முன்பின் போகலாம். கேட்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் ஒரு மணி நேரத்தில் அது 0.18 விநாடி. ஒன்று வேகமாகவும் இன்னொன்று மெதுவாகவும் போனால் 0.36 விநாடி. ஒரே சத்தம் இரண்டு ஸ்பீக்கரிலிருந்து சுமார் 30 மில்லி விநாடி இடைவெளிக்குள் வந்தால் காது ஒன்றாகத்தான் கேட்கும். அதைத் தாண்டத் தாண்டப் பேச்சு இரட்டிக்கும், எதிரொலி மாதிரி ஆகிவிடும். ஆக ஒரு மணி நேரத்தில், காது பொறுக்கும் அளவைப் போல் பத்து மடங்குக்கு மேல் விலகிவிடலாம்.

நான் எழுதிய நிரலில் இதுக்காகப் பெரிய வித்தை எதுவும் இல்லை. இரண்டு லேப்டாப்பிலும் ஒரே கியூ பட்டியல், ஒரே ஒலிக் கோப்புகள். நாடகம் தொடங்கும் முன்னால் இரண்டு பிரதியும் ஒன்றுதானா என்று சரிபார்த்துக்கொள்ளும். ஒன்று முதன்மை, இன்னொன்று துணை. முதன்மை அனுப்புவது கியூ எண், வரிசை எண், ‘இன்னும் இத்தனை மில்லி விநாடியில் தொடங்கு’ என்ற குறிப்பு. நெட்வொர்க்கில் செய்தி தொலையலாம் என்பதால் ஒரே செய்தி மூன்று தடவை போகும். வரிசை எண் இருப்பதால் துணை அதை ஒரு தடவைதான் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு கியூவிலும் இரண்டும் மறுபடி ஒன்று சேர்வதால், நடுவில் கொஞ்சம் விலகினாலும் குவிந்து பெரிதாவதில்லை. நீளமான மழைச் சத்தத்தை மட்டும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினோம். ஒரு லேப்டாப் நின்றுபோனால் இன்னொன்று அதே எண்ணிலிருந்து தொடரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். ‘போ’ பொத்தான் மனிதன் கையில்தான் இருக்கணும். இத்தனாவது நிமிஷத்தில் தானாக ஓடு என்ற வசதியை வைக்கவே இல்லை. நடிகர் ஒரு வாக்கியத்தை இழுத்தால், பொத்தானில் விரல் வைத்திருப்பவர் காத்திருக்கணும்.

நடுவில் இருக்கும் இடம்

அந்தக் காத்திருப்புக்கு எவ்வளவு மதிப்பு என்று நம் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1886-ல் சிவகாசியில் பிறந்த விஸ்வநாத தாஸ் ஸ்பெஷல் நாடகத்தின் பெரிய நடிகர். வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சிக்குள் வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டு ஒன்றை நுழைத்து, வெள்ளைக்கார ஆட்சியை விரட்டச் சொல்லிப் பாடியவர். புரியாதவர்கள் யாரும் கூட்டத்தில் இல்லை, போலீஸ் உட்பட. திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31-ந் தேதி சென்னையில், முருகன் வேஷத்தில், மேடையிலேயே உயிர் போனது.

அவர் பாட்டை நுழைக்க முடிந்ததுக்கு இரண்டு விஷயம் வேண்டியிருந்தது. ஒன்று அவருடைய தைரியம். இன்னொன்று, பிரதியில் இல்லாத பாட்டு வந்தாலும் சுருதி பிடித்துக் கூடவே போய், முடிந்ததும் கதையை விட்ட இடத்தில் சேர்த்துவிடும் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும். நாடா ஓடும் மேடையில் இது நடக்காது. பதிவு செய்த இசை அடுத்த பாட்டுக்குப் போயிருக்கும்.

இப்போது எங்கள் பக்கத்து நாடகங்களில் கீபோர்டு வந்துவிட்டது, ரிதம் பேட் வந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. வாசிக்கிறவர் காது திறந்திருந்தால் கருவி எதுவாக இருந்தால் என்ன? ஆர்மோனியமும் ஒரு காலத்தில் புதுசாக வந்ததுதான். ஆனால் நிகழ்ச்சிச் செலவைக் குறைக்க, பென் டிரைவில் பாட்டைப் போட்டுவிட்டு ஒரு வாத்தியக்காரரைக் கழித்துவிடலாமே என்ற பேச்சும் காதில் விழுகிறது. மிச்சமாகிறது ஒரு ஆளின் ஒரு இரவுச் சம்பளம். போவது, நடிகர் எங்கே நிற்கிறாரோ அங்கே வந்து சேரும் அந்தக் காது.

நாடக வரலாறு எழுதுகிறவர்கள் கம்பெனிகளுக்கும் சபாக்களுக்கும் கொடுத்த இடத்தை ஸ்பெஷல் நாடகத்துக்குக் கொடுக்கவில்லை. ‘ஒத்திகையே இல்லாத நாடகம்’ என்பது ஒரு குறையாகவே சொல்லப்பட்டது. ஒத்திகை இல்லாமல் ஓர் இரவு முழுக்க எட்டுப் பேரை ஒத்துப்போக வைக்கும் முறை ஒன்று இருந்தது, அதைக் கட்டியவர்கள் நம் ஊர்க்காரர்கள் என்று அதைத் திருப்பிப் போட்டும் படிக்கலாம். சங்கரதாஸ் சுவாமிகளின் பிரதிகள் அச்சில் இருக்கின்றன. எந்தச் சைகைக்கு எது வரும், யார் யாருக்காகக் காத்திருப்பார் என்ற பகுதி வாத்தியக்காரர்களின் கையிலும் காதிலும் மட்டும் இருக்கிறது.

யூடியூபில் முழு இரவு நாடகங்கள் நிறையக் கிடைக்கின்றன. எல்லாவற்றிலும் கேமரா நடிகர் மேல்தான். பங்குனி, சித்திரையில் உங்கள் ஊரில் நாடகம் போட்டால், ஒரே ஒரு போனையாவது ஆர்மோனியக்காரரையும் ஆல்ரவுண்டையும் பார்த்து, அவர்கள் சம்மதத்தோடு, இரவு முழுக்க ஓட விடுங்கள். இந்த வருஷம் நானும் மூன்று நாடகங்களில் அப்படிப் பதிவு செய்வதாக இருக்கிறேன். எந்தச் சைகை எந்த நொடியில் வந்தது என்று குறித்து, அட்டவணையாக்கி இங்கேயே போடுகிறேன்.